பையில் மீந்த மொச்சை

ஒந்தாரோவா துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் மீனைத் தரம் பிரித்தவன் பிராஷ்கு. செவுளைத் தூக்கிப் பார்ப்பான், கண்ணைப் பார்ப்பான், மோந்து பார்ப்பான், "தள்ளு" என்பான். அவன் தள்ளு என்றால் அந்தப் பெட்டி தள்ளப்பட்டதுதான். பத்து நாள் கடலில் கிடந்துவிட்டு வந்த படகுக்காரன் காலில் விழுந்தாலும் மாறாது. ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. மீன் போய்விட்டது, "தள்ளு" மட்டும் வாயிலேயே தங்கிவிட்டது. இப்போது அதைக் காபிக்குச் சொன்னான், பாதிரியாரின் பிரசங்கத்துக்குச் சொன்னான், எதிர்வீட்டுக்காரி கொடியில் போட்ட திரைச்சீலைக்குக்கூடச் சொன்னான்.

இப்படிப்பட்டவன் 'பழைய தோணி' சங்கத்தில் சேர மனுப்போட்டான் என்றதும் ஊரே வாய்விட்டுச் சிரித்தது.

சங்கம் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். துறைமுகத்துக்கு மேலே ஒரு மாடி, நீள மேசை, பெரிய அடுப்பு, ஆளுக்கொரு சாவி வைத்திருக்கும் முப்பத்தொன்பது ஆண்கள். வீட்டில் முட்டை அவிக்கத் தெரியாதவர்கள் மாதிரி நடிக்கிற இந்த மகராசன்கள், வியாழக்கிழமையானால் அங்கே போய் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு கணவாயைச் சுற்றி நின்று மூன்று மணி நேரம் வாதாடி, சமைத்துச் சாப்பிடுவார்கள். "கெழட்டுப் பயலுக சொப்பு வெச்சு விளையாடுறானுங்க" என்று பிராஷ்கு முப்பது வருடமாகச் சொல்லிவந்தான். சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்கிற கதைதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். வேலையும் போனபிறகு சமையலறைச் சுவரைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வியாழக்கிழமைகளில் ரொட்டி வாங்கப் போகிறவன்போல அந்த மாடி ஜன்னலுக்குக் கீழே இரண்டு தடவை நடப்பான். மேலே சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்த மேசையில் அவனுக்கு ஓர் இடம் வேண்டும். வாழ்க்கையில் வேறெதையும் அவன் இவ்வளவு வேண்டியதில்லை. போன குளிர்காலத்தில் கிழவர் ஒருவர் செத்து ஓர் இடம் காலியானதும், நண்பன் இனாஷியோவிடம் போய், தரையைப் பார்த்துக்கொண்டு, "என் பேரைக் குடுக்கிறியா?" என்று கேட்டான்.

இனாஷியோ கொடுத்தான். சூரை மீன் பிடிக்கும் கப்பல்களில் இயந்திர அறையிலேயே காலம் தள்ளிய ஆள், அதிகம் பேசமாட்டான். இரண்டு பேரும் ஒரே பள்ளி, ஒரே தெரு.

சங்கத்தின் வழக்கம் இது. புது ஆளைச் சேர்க்கும் நாளுக்கு முன்பே உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இரண்டு மொச்சைக்கொட்டை கொடுத்துவிடுவார்கள். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. ஆள் வேண்டும் என்றால் மரப்பெட்டியின் துளைக்குள் வெள்ளையைப் போட வேண்டும், வேண்டாம் என்றால் கறுப்பை. மீந்ததைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், யாரும் கேட்கக் கூடாது. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. இன்னொரு விதியும் உண்டு. மொச்சை போடும் நாளில் சேர வருகிறவன் ஊரில் இருக்கக் கூடாது. இருந்தால் மதுக்கடை மதுக்கடையாகப் போய் ஆளுக்கொரு கோப்பை வாங்கிக் கொடுத்து மனசைக் கரைத்துவிடுவானாம். அதனால் பேர் கொடுத்த நண்பனே அவனைக் காலையில் வெளியே அழைத்துப் போய், சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து, கடைசி ஆளாகத் தன் மொச்சையைப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறப்பார்கள்.

ஆகவே ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு, இனாஷியோவின் பழைய வெள்ளை வேனில் இருவரும் மேற்கே கிளம்பினார்கள். கடலோரச் சாலையில் பெர்மெயோ ஊர் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். அவசரமாகப் போனால் ஒரு மணி நேரம் பிடிக்கிற தூரத்துக்கு அவர்களிடம் ஒரு முழுப் பகல் இருந்தது.

"பல்லு டாக்டர் யூலென் கறுப்பு போடுவான்," என்றான் பிராஷ்கு, வேன் முதல் வளைவைத் தாண்டுவதற்குள். "அவன் செஞ்ச கொடுவா மீனைப் பார்த்து 'நோயாளிக்கு மயக்க மருந்து குடுத்தியா'ன்னு கேட்டேன்ல, அதுக்கு."

"போடுவானோ என்னவோ."

"மீன் வியாபாரி கார்மெலோ. அவன் நிச்சயம். நான் தள்ளின மீனை அடுக்கினா அவன் வீடு உயரத்துக்கு வரும். அப்புறம் தலைவர் எர்ராமுன். ஒயினைக் கையில வெச்சு ஆட்டி ஆட்டி மோந்து பாப்பானே, அந்த முட்டாள். புளிச்ச காடியைக் குடுத்தாலும் ஆட்டுவான்."

"வாயை மூடிட்டுக் கொஞ்சம் கடலைப் பாரேன்டா."

"கடல்ல என்ன இருக்கு? அதான் அங்கேயே கிடக்கே."

இனாஷியோ இடது கையால் வண்டியை ஓட்டினான். வலது கை சட்டைப்பையில் இருந்தது. உள்ளே இரண்டு மொச்சையும் ஒன்றோடொன்று உரசும் சத்தம் இயந்திர இரைச்சலையும் மீறி லேசாகக் கேட்டது. பிராஷ்குவுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. ஒரு வெள்ளையாவது நிச்சயம் என்று அவன் காதுக்குள் அது சொல்லிக்கொண்டே வந்தது.

வழியில் லெகெய்த்தியோ ஊரில் காபி குடித்தார்கள். காபி தள்ளுபடியானது. அதைக் கொண்டுவந்த பெண் "இன்னொண்ணு போட்டுத் தரட்டுமா?" என்று நல்லபடியாகத்தான் கேட்டாள். "வேணாம்மா, ஒரு தடவை செத்தா போதாதா?" என்றான் பிராஷ்கு. பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவன் பேச்சுக்குச் சிரிக்க எங்கேயும் நாலு பேர் இருந்தார்கள், அதுதான் அவனுக்குப் பிடித்த சனி. இனாஷியோ அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையசைத்துவிட்டு எழுந்தான். இந்தத் தலையசைப்பை அவன் ஐம்பது வருடமாகச் செய்துவருகிறான், கழுத்தே அதற்குப் பழகிவிட்டது.

எலான்ச்சோவே ஊரில் தெரு அவ்வளவு ஒடுக்கம், பேருந்து திரும்ப இடமில்லை. அதனால் தரையில் ஒரு வட்டத் தட்டு பதித்து வைத்திருக்கிறார்கள். பேருந்து அதன்மேல் ஏறி நிற்கும், தட்டு சுழன்று வண்டியைத் திருப்பிவிடும். அதைப் படம்பிடிக்க வெளியூர்க்காரர் கூட்டம் ஒன்று செல்பேசியை நீட்டிக்கொண்டு நின்றது.

"பாரு, பஸ்ஸு திரும்புறதைப் பாக்க வெமானம் ஏறி வந்திருக்கானுங்க," என்றான் பிராஷ்கு. "இவனுங்க ஊர்ல பஸ்ஸெல்லாம் நேராவே போயி கடல்ல விழுந்துடுமோ?"

இந்தமுறை இனாஷியோவும் சிரித்துவிட்டான். நியாயமாகச் சொல்ல வேண்டும், பிராஷ்குவின் வாய் நன்றாகப் பேசும். கூட இருந்து கேட்பதற்கு அலுக்காது, உன் தட்டின் பக்கம் அது திரும்பாதவரை.

முந்தாக்கா கடற்கரையில் அலை இல்லை. சர்ஃபிங் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பொன்னிறத் தலைகள் கரையோரம் குந்தியிருந்தன. "எவனோ போடப்போற சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி உக்காந்திருக்கானுங்க," என்று பிராஷ்கு ஆரம்பித்தான். அந்த வாக்கியம் அவனையே குத்தியதோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டான். பிறகு இருக்கைக்கு அடியில் இருந்து ஒரு துணிப்பையை எடுத்து மடியில் வைத்தான்.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்ல."

"காட்டு."

நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட சமையல் மேலாடை. புதுசு. இஸ்திரி போட்டு நாலாக மடித்திருந்தான். ஓரத்தில் சிவப்பு நூலால் 'பி' என்று ஓர் எழுத்து. அவனே தைத்திருக்க வேண்டும், கோணல்மாணலாக இருந்தது.

"சும்மா வாங்கினேன்," என்றான். காது மடல் சிவந்துவிட்டது. "சங்கத்துல இருக்கிறதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அதைக் கட்டிக்கிட்டு நான் அடுப்புக்கிட்ட நிப்பேனா? முதல் வியாழக்கிழமை நான்தான் சமைக்கணும், இல்லியா? புதுசா வர்றவன்தானே சமைக்கணும்?"

"ஆமா. புதுசா வர்றவன்தான்."

"நாலு நாளாத் தூக்கமில்லடா," என்றான் பிராஷ்கு ஜன்னல் பக்கம் திரும்பி. "வயசான காலத்துல வெக்கக்கேடு."

இனாஷியோ சட்டைப்பைக்குள் கையை விட்டு இரண்டு மொச்சையையும் பிரித்தான். ஒன்றை அப்படியே விரல் நுனியில் வெகுநேரம் வைத்திருந்தான். அது எந்த நிறம் என்று பிராஷ்கு கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

பெர்மெயோவில் மதியச் சாப்பாடு நேகானேயின் கடையில். இனாஷியோவுக்கு அவள் ஞானமகள். அவனும் செத்துப்போன அவன் மனைவி மிரென்ச்சுவும் ஞானஸ்நானத்தின்போது கையில் தூக்கி நின்ற பெண். பத்து வருடம் அடுத்தவர் அடுப்பில் வெந்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு முன்புதான் சொந்தமாக ஆறு மேசை போட்டிருந்தாள். வேனை நிறுத்தும்போதே இனாஷியோ சொன்னான்.

"புதுக் கடைடா. ஒரே ஒரு நாள். உன் நாக்கை வண்டியிலேயே வெச்சுட்டு வா."

"நான் என்ன பேயா? சின்னப் பொண்ணு. நல்லதா நாலு வார்த்தை சொல்லப் போறேன், பாரு."

உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நேகானே இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு வரவேற்றாள். ஜன்னலோர மேசை. சூரையும் உருளைக்கிழங்கும் போட்ட மார்மிதாகோ குழம்பு, மண்சட்டியோடு வந்தது. அவளே பரிமாறினாள். பரிமாறிவிட்டுப் போகாமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றாள். இனாஷியோ ஒரு வாய் தின்றுவிட்டு, "உங்க ஞானத்தாய் கை அப்படியே வந்திருக்கும்மா," என்றான். அவள் கண் பிராஷ்குவின் பக்கம் போனது. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் மீன் பார்த்தவர் அல்லவா, அவர் வாயால் கேட்க வேண்டும் என்று ஆசை அந்தப் பெண்ணுக்கு.

பிராஷ்கு மீன் துண்டைக் கரண்டியால் அழுத்தினான். அது நார் நாராகப் பிரிந்தது. அவன் மூக்கு ஒருமாதிரி சுருங்கியது. இனாஷியோ மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தான். அது போதவில்லை.

"பொண்ணே, இந்தச் சூரையை ரெண்டு தடவை கொன்னுட்டியேம்மா," என்றான். "கடல்ல ஒரு தடவை, சட்டியில ஒரு தடவை. அடுப்பை அணைச்சதுக்கு அப்புறம்தான் மீனைப் போடணும். அந்தச் சூட்டுலயே வெந்துடும். நீ போட்டுட்டுத் தூங்கப் போயிட்டியா?"

பக்கத்து மேசையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எந்த ஊரிலும் அந்த நாலு பேர்தான்.

அவன் சொன்னது சரி. அதுதான் கொடுமை. மீன் கொஞ்சம் அதிகமாகத்தான் வெந்திருந்தது. நேகானேயும் சேர்ந்து சிரித்தாள். "சரிதான், சரிதான், அடுத்த தடவை பாத்துக்கிறேன்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. திரும்பக் கேட்டது. முகம் கழுவ அவ்வளவு நேரம் யாருக்கும் ஆகாது. பழம் கொண்டுவந்தது வேறொருத்தி.

"என்னடா மூஞ்சியை அப்படி வெச்சிருக்கே?" என்றான் பிராஷ்கு. "நல்லதுக்குத்தானே சொன்னேன்? பொய் சொல்லச் சொல்றியா?"

இனாஷியோ தட்டைத் துளிக்கூட மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டான். அவன் கை பிறகு சட்டைப்பைப் பக்கம் போகவேயில்லை.

திரும்பும் வழி முழுக்க பிராஷ்குதான் பேசினான். முதல் வியாழக்கிழமைக்குச் சிவப்பு மிளகாயில் கணவாயா, பூண்டுக் குழம்பில் காட் மீனா? காட் மீன்தான். சங்கத்தில் ஒருவனுக்கும் சட்டியை ஆட்டத் தெரியாது, குழம்பு திரண்டு வராது, இவன் காட்டித் தருவான். எர்ராமுன் பக்கத்தில் மட்டும் உட்காரமாட்டான். யூலெனுக்குப் பூண்டு உரிக்கிற வேலை, பல்லுப் பழக்கம் இருக்கிறதே. இனாஷியோ "உம்" கொட்டினான். நாலைந்து வளைவு தாண்டி அந்த "உம்"மும் நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழைக்குக் கத்துகிறது, இவன் எதற்குக் கத்தினான் என்று இவனுக்கே தெரியாது.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வேன் ஒந்தாரோவா துறைமுகத்தில் நின்றது. வெயில் இன்னும் உச்சியில் இருப்பதுபோல அடித்தது. இனாஷியோ இறங்கி மாடிப்படி ஏறினான். பிராஷ்கு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை வேர்த்து, பையில் ஈரம் பட்டது. மேலாடை கசங்கிவிடும் என்று அதை இருக்கையில் தள்ளி வைத்தான். ஒரு நிமிடத்தில் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

இனாஷியோ இறங்கி வர இருபது நிமிடம் ஆனது. வந்து ஏறி, கதவைச் சாத்தினான். வண்டியைக் கிளப்பவில்லை.

"ஒரு கறுப்பு," என்றான்.

பிராஷ்குவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு ரத்தம் ஏறியது.

"பல்லுப் புடுங்கி! நான்தான் காலையிலேயே சொன்னேனே!"

"அவன் இல்ல."

"அப்போ கார்மெலோ. அழுகின மீனு வித்த நாயி!"

"அவனும் இல்ல."

"எர்ராமுன்! அந்த ஒயின் ஆட்டி..."

"எர்ராமுன்தான் முதல் ஆளாப் போய் வெள்ளை போட்டானாம். 'இந்தப் பய வந்தா வியாழக்கிழமை சிரிச்சுச் சாவோம்'னு சொல்லிட்டே போட்டிருக்கான். யூலென் போட்டது வெள்ளை. கார்மெலோ போட்டது வெள்ளை. மொத்தம் முப்பத்தெட்டு வெள்ளைடா."

"யாரு எதைப் போட்டான்னு உனக்கெப்படித் தெரியும்? கேக்கக் கூடாதுன்னு விதி இருக்கே?"

இனாஷியோ சட்டைப்பையில் கையை விட்டான். ஒரு மொச்சையை எடுத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் தூசி படிந்த பலகையில் வைத்தான். வெள்ளை மொச்சை. பையில் மீந்தது வெள்ளை என்றால் பெட்டிக்குள் போனது எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கீழே ஒரு படகில் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீதானே பேரைக் குடுத்தே," என்றான் பிராஷ்கு கடைசியில்.

"கேட்டே. அம்பது வருஷத்துல நீ என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல எனக்கு வாய் வரல. முந்தாக்கா வரைக்கும் வெள்ளைதான் போடப்போறேன்னு இருந்தேன். அந்தத் துணியைக் காட்டினே பாரு, அப்போ விரல்ல வெள்ளையைத்தான் புடிச்சிருந்தேன்."

"அந்தப் பொண்ணுக்காகவா? மீன் அதிகமா வெந்ததுன்னு சொன்னதுக்கா?"

"மிரென்ச்சுவைப் பொதைச்சுட்டு வந்த அன்னிக்கு நான் மேலே சங்கத்துல சமைச்சேன். வீட்டுக்குப் போக முடியலன்னு சமைச்சேன். உன்னை விருந்தாளியாக் கூட்டிட்டுப் போனேன். முதல் வாய் வெச்சதும் நீ என்ன சொன்னே, ஞாபகமிருக்கா?"

பிராஷ்கு யோசித்தான். நிஜமாகவே ஞாபகமில்லை.

"'உருளைக்கிழங்கைக் கத்தியால வெட்டியிருக்கே, கையால உடைக்கணும், அப்போதான் குழம்பு கெட்டியாகும்'னு சொன்னே."

"வெட்டித்தானே இருந்தே?" என்றான் பிராஷ்கு.

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

இனாஷியோ கோபப்படவில்லை. சிரிப்பு மாதிரி ஒன்று முகத்தில் வந்து போனது. "ஆமாடா, வெட்டித்தான் இருந்தேன். கை நடுங்குச்சு, உடைக்க முடியல," என்றான். "அவனுங்களுக்கு நீ மதுக்கடையில கேக்குற தமாஷு. எனக்கு நீ காபியில, ரொட்டியில, மீன்ல, எல்லாத்துலயும் இருக்கே. எங்கே வேணா உன்கூட வருவேன். நாளைக்கே கூப்பிடு, இன்னொரு தடவை பெர்மெயோ போவோம். வியாழக்கிழமை ஒரு நாள்தான் எனக்கு நீ இல்லாத சோறு. அதை விட்டுக்குடுக்க முடியல."

கதவைத் திறந்து இறங்கினான். பெட்டி திறந்த நாளில் கடைசியாகப் போட்டவன்தான் எல்லோருக்கும் சமைக்க வேண்டும், அதுவும் வழக்கம். "வண்டிச் சாவி உள்ளயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினான்.

பிராஷ்கு வேனில் இருந்து இறங்கித் துறைமுகச் சுவரில் உட்கார்ந்தான். துணிப்பை மடியில் இருந்தது. அவன் எண்ணிப் பார்த்தான். வாழ்நாளெல்லாம் அவன் தள்ளிய முப்பத்தெட்டுப் பேர் அவனை வா என்றார்கள். அவன் ஒருபோதும் தள்ள நினைக்காத ஒருவன் தள்ளிவிட்டான். முட்டாள்கள் என்று அந்த முப்பத்தெட்டுப் பேரையும் திட்டப் பார்த்தான். வார்த்தை வரவில்லை.

மேலே ஜன்னல் திறந்தது. எண்ணெய் காயும் வாசனை வந்தது. பிறகு பூண்டு வாசனை. பிராஷ்குவின் மூக்கு தானாக நிமிர்ந்தது. நல்ல பூண்டு, மெல்லிசாக அரிந்தது. பொன்னிறமாகிறது. இப்போது எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. மேலே பேச்சும் சிரிப்பும். எவனும் சட்டியைப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு கணம் போனால் கசந்துவிடும். எழுந்து நின்று ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்தான். "பூண்டு கருகுதுடா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், தெருக்கோடி வரை கேட்கும்.

வாயை மூடிக்கொண்டான்.

மேலே பூண்டு கருகியது. அன்று முப்பத்தொன்பது பேரும் கசந்த குழம்பைத்தான் சாப்பிட்டார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாடு பிரமாதம் என்று மறுநாள் காலை துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள்.